சாஸ்கா கெம்பாவில் குளிர்ந்த மே

அக்னியேஷ்கா ஒஷெட்ஸ்கா என்ற போலந்துப் பாடலாசிரியரைத் தேடிப் போன பயணம் இது. 1936இல் வார்சாவில் பிறந்து 1997இல் அதே ஊரில் மறைந்தவர். எழுதிய பாடல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். புகழ் அத்தனையும் பாடியவர்களின் குரலில் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் போலந்துத் தோழி ஒருத்தி மதிய உணவு வேளைகளில் இந்தப் பாடல்களை ஓடவிட்டுப் பொருள் சொல்வாள். இரண்டு வருடம் கேட்டபின், இவை எழுதப்பட்ட தெருக்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. 2025 மே மாதத்தில் அன்றன்று இரவு எழுதியவை இவை. திரும்பி வந்ததும் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினேன்.

மே 12, திங்கள் – வார்சா

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது 8 டிகிரி. காற்று வேறு. விடுதி அறையில் ஹீட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. கீழே போய்ச் சொன்னேன். வரவேற்பில் இருந்த இளம்பெண், "வெப்ப ஊட்டும் பருவம் முடிந்துவிட்டதே" என்று மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னாள். குளிர் முடியவில்லை, பருவம் மட்டும் முடிந்துவிட்டது. அவளே இன்னொரு போர்வையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இந்தக் குளிருக்கு ஒரு கதை இருக்கிறது என்றாள். மே 12, 13, 14 ஆகிய மூன்று நாட்களும் பங்க்ராட்சி, செர்வாட்சி, போனிஃபாட்சி என்ற மூன்று புனிதர்களுக்கு உரியவை. அடுத்த நாள் புனித சோஃபியா. இந்த நால்வரும் குளிரைக் கொண்டுவருவார்கள். அவர்கள் போகும்வரை எந்தக் கிழவியும் தக்காளி நாற்றை மண்ணில் வைக்க மாட்டாள். சரியாக அந்த நால்வரோடு சேர்ந்து நானும் வந்து இறங்கியிருக்கிறேன்.

எதற்காக வந்தேன் என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. 2020ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் தொலைக்காட்சியில் வந்த தொடரைப் பாட்டியோடு சேர்ந்து பார்த்தாளாம். "அவருக்கு நிறையக் காதலர்கள்" என்றாள். பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஒன்றைச் சொன்னாள். அது வேறொருவர் எழுதியது.

இரவு உணவு பக்கத்தில் இருந்த "பால் கடை"யில். பெயர்தான் அப்படி. கம்யூனிச ஆட்சிக் காலத்திலிருந்து அரசு மானியத்தில் நடக்கும் மலிவு உணவகங்கள் இவை. பட்டியல் சுவரில் போலிஷ் மொழியில் மட்டும் இருக்கும். முதலில் காசு கட்ட வேண்டும், சீட்டை எடுத்துக்கொண்டு சன்னலருகே நிற்க வேண்டும், சாப்பிட்டபின் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். புளித்த மாவுக் கரைசலில் முட்டை மிதக்கும் ஷூரெக் சூப், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியெரோகி, பழம் வேகவைத்த கொம்போட் பானம். எல்லாம் சேர்த்து 31 ஸ்வோட்டி. அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு ஸ்வோட்டி நம் பணத்தில் ஏறத்தாழ 22 ரூபாய். எதிரில் உட்கார்ந்திருந்த முதியவர் என் தட்டைப் பார்த்து, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று போலிஷில் வாழ்த்திவிட்டுத் தன் சூப்புக்குத் திரும்பினார். அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டு எழுந்தபோது மட்டும் தலையைச் சற்றே தாழ்த்தி விடைபெற்றார்.

மே 13, செவ்வாய் – சாஸ்கா கெம்பா

போனியாதோவ்ஸ்கி பாலத்தின் மேல் டிராம் விஸ்துலா ஆற்றைக் கடந்தால் வலக்கரை. 20 நிமிட டிக்கெட் 3.40 ஸ்வோட்டி. வாஷிங்டன் வட்டச்சாலையில் இறங்கினால் ஒரு பக்கம் தேசிய விளையாட்டரங்கம், இன்னொரு பக்கம் சாஸ்கா கெம்பா. போரில் இடக்கரை வார்சா தரைமட்டமானது. இந்தப் பகுதி ஓரளவு தப்பியது. 1920களிலும் 30களிலும் கட்டிய வெள்ளை நிறப் பெட்டி வீடுகள், வட்டச் சன்னல்கள், வளைந்த பால்கனிகள் இன்னும் நிற்கின்றன. தெருக்களுக்குப் பிரெஞ்சுத் தெரு, பாரிஸ் தெரு, வெற்றியாளர் தெரு என்றெல்லாம் பெயர். கம்பங்களில் அதிபர் தேர்தல் வேட்பாளர்களின் முகங்கள், ஞாயிறன்று வாக்குப்பதிவு.

மவ்கோஷ்கா என்ற பாட்டை எழுதி ஒஷெட்ஸ்கா இந்தப் பேட்டையை நாடு முழுவதும் தெரிய வைத்தார். மரிலா ரொடோவிச் பாடியது, இசை கத்தஷீனா கெர்ட்னர். 1970களின் தொடக்கத்தில் வந்த அந்தப் பாட்டு, மே மாதம், சாஸ்கா கெம்பா, பச்சை லைலாக்கின் பைத்தியக்கார மணம் என்றுதான் ஆரம்பிக்கிறது. கைவிட்ட ஒருவனுக்காக அழாதே என்று தோழிகள் ஒரு பெண்ணிடம் சொல்லும் பாட்டு. கல்யாண வீடுகளில் எல்லாரும் எழுந்து ஆடுகிறார்களாம். ஏமாற்றப்பட்ட ஒருத்தியின் கதைக்கு எழுந்து ஆட வைத்த சாமர்த்தியம் இசையுடையதா வரிகளுடையதா என்று எனக்கும் என் தோழிக்கும் நீண்ட நாள் வழக்கு.

லைலாக் பூத்திருந்தது. வேலிக்கு வேலி, கத்தரிப்பூ நிறத்திலும் வெள்ளையிலும். மணம்தான் இல்லை. மழைத்தூறலில் ஒரு கொத்தைப் பிடித்து முகர்ந்தேன், ஈர இலை வாசனை மட்டுமே வந்தது. சின்ன நாயோடு வந்த ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து நின்றார். வேலியோரம் ஓர் அயல்நாட்டுப் பெண் பூவில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பது விநோதம்தானே. ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவர். "வெயில் வேண்டும். குளிரில் இது ஒன்றும் கொடுக்காது" என்றார். நான் எதைத் தேடுகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முதல் வரியைச் சன்னமாகப் பாடிக் காட்டிவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு போனார்.

பிரெஞ்சுத் தெருவும் ஒப்ரோன்ட்சுவ் தெருவும் சந்திக்கும் மூலையில், காபிக்கடை மேசையருகே உட்கார்ந்த கோலத்தில் ஒஷெட்ஸ்காவின் வெண்கலச் சிலை. 2007இல் வைத்தார்கள். அருகில் உட்கார்ந்து படம் எடுக்க வந்தவர்கள் ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்தச் சிலை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அமைதியாக, யாருக்கோ காத்திருக்கும் பெண்ணாக வடித்திருக்கிறார்கள். வாழ்க்கையில் அவர் ஓரிடத்தில் தங்கியவர் அல்லர். காத்திருந்தவர்கள் மற்றவர்கள்தான். பக்கத்துக் கடையில் ஒரு காபியும் ஒரு துண்டு சீஸ் கேக்கும் 43 ஸ்வோட்டி. நேற்றைய முழுச் சாப்பாட்டைவிட அதிகம். பணிப்பெண் சிரிக்கவில்லை. ஆனால் என் நனைந்த கோட்டைக் கேட்காமலேயே வாங்கி அடுப்போரம் மாட்டினாள். இந்த ஊரின் உபசாரம் முகத்தில் இல்லை, கையில் இருக்கிறது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் டொம்ப்ரொவியெட்ஸ்கா தெரு. 25ஆம் எண் வீட்டில்தான் போருக்குப் பின் பெற்றோருடன் வளர்ந்தார். தந்தை விக்டர் ஒஷெட்ஸ்கி பியானோ வாசிப்பவர். உணவகங்களிலும் வாசித்திருக்கிறார். மெட்டு இருக்கும் வீட்டில் பிறந்தவள் மெட்டுக்கு வார்த்தை போட்டதில் வியப்பில்லை. வியப்பு வேறு: அந்தப் பெண் பள்ளிப்படிப்பை முடித்து 1952இல் வார்சா பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கச் சேர்ந்தபோது பதினாறு வயதுகூட நிறையவில்லை. அப்புறம் வூட்ச் நகரத்துத் திரைப்படப் பள்ளியில் இயக்குநர் படிப்பு. படம் எடுக்கப் படித்தவர் என்பது பாட்டில் தெரிகிறது. முதல் வரியிலேயே மாதம், இடம், மணம் எல்லாம் வந்துவிடுகின்றன. அதற்குப் பின்தான் ஆள் வருகிறாள்.

1954 முதல் மாணவர் நையாண்டி நாடகக் குழு ஒன்றில் எழுத ஆரம்பித்தார். எஸ்.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஸ்டாலின் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, இறுக்கம் மெல்லத் தளர்ந்த காலம். அங்கு எழுதிய "கண்ணாடிக்காரர்கள்" என்ற பாட்டு, கண்ணாடி போட்ட ஏழைப் படிப்பாளிகள் படித்து, மணம் முடித்து, சிறு சம்பளத்தில் தேய்வதைக் கேலியும் கனிவுமாகச் சொல்கிறது. ஸ்வாவா பிஷிபில்ஸ்கா பாடினார். இன்று ஒஷெட்ஸ்காவின் மகள் நடத்தும் அறக்கட்டளைக்கும் அந்தப் பாட்டின் பெயர்தான்.

சிறை சென்ற எதிர்ப்புக் கவிஞர் அல்லர் இவர். அரசு வானொலியில் வேலை பார்த்தார், அரசு நடத்திய விழாக்களுக்கு எழுதினார். அதனால் இவரைக் குறைத்து மதிப்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. தணிக்கைக்காரன் தேடும் சொல் எதுவும் இல்லாத பாட்டில் ஒரு தலைமுறையின் அலுப்பைச் சொல்லிவிடுவதும் ஒரு திறமைதான்.

மே 14, புதன் – வானொலியும் இடுகாடும்

காலையில் மிஷ்லிவியெட்ஸ்கா தெருவில் போலிஷ் வானொலியின் மூன்றாம் அலைவரிசைக் கட்டடம். உள்ளே இருக்கும் இசையரங்கத்துக்கு ஒஷெட்ஸ்காவின் பெயர். நிகழ்ச்சி இல்லாத நாள் என்பதால் வாசலோடு சரி. காவலாளி கைகளை விரித்து, தோளைக் குலுக்கி, அதன்பின் ஒரு மிட்டாய் கொடுத்தார்.

ஆனால் ஒஷெட்ஸ்காவின் தொழில் வாழ்க்கைக்குச் சிலையைவிட வானொலி முக்கியம். 1960களில் ஏழு ஆண்டுகள் அவர் நடத்திய வானொலிப் பாடல் கூடத்திலிருந்து 500க்கும் மேற்பட்ட பாடல்கள் வெளிவந்தன. புதுக் குரல்களையும் இசையமைப்பாளர்களையும் கூட்டிவந்து, கவிதையாக நிற்கக்கூடிய வரிகளைக் கொடுத்துப் பதிவு செய்வதுதான் வேலை. 1963இல் ஒபோலே நகரத்தில் போலிஷ் பாடல் விழா தொடங்கியதும் அந்தப் பாடல்களுக்கு மேடையும் கிடைத்தது. நம் ஊரில் பாட்டு என்றால் சினிமா. பாட்டெழுத ஒரு கதாநாயகனும் ஒரு சூழலும் வேண்டும். இங்கே வானொலியும் விழாவும் இருந்ததால் பாட்டு தானாகவே ஒரு முழுக் கதையாக நிற்க வேண்டியிருந்தது. மூன்று நிமிடத்தில் ஒரு வாழ்க்கை. திரைக்கும் எழுதினார். 1964இல் வந்த ஒரு படத்துக்காக க்ஷிஷ்டோஃப் கொமேடாவின் இசையில் எழுதிய "விடியும் முன்" என்ற பாட்டு, போர் முடிந்த நாட்டின் பாழையும் பயணத்தையும் சொல்வது. என் தோழிக்கு அதுதான் உச்சம்.

மதியம் பொவோன்ஸ்கி இடுகாடு. வாசலில் வரிசையாகக் கிழவிகள் கண்ணாடிக் கூண்டு விளக்குகளும் பூக்களும் விற்கிறார்கள். சிறிய விளக்கு 12 ஸ்வோட்டி. ஒருத்தியிடம் பெயரைச் சொன்னேன். வாங்கிய சீட்டின் பின்புறம் வழியை வரைந்து கொடுத்தார், தீப்பெட்டியை இரவலாகவும் தந்தார். 18ஆம் நூற்றாண்டு இடுகாடு. மரங்கள் கல்லறைகளைவிட வயதானவை போலத் தெரிகின்றன. மழை நின்றபாடில்லை. மூன்று குச்சிகள் அணைந்தன. பக்கத்துக் கல்லறையைத் துடைத்துக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் எழுந்து வந்து, குடையைப் பிடித்து, லைட்டரால் ஏற்றிவைத்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

இதே இடுகாட்டில்தான் எழுத்தாளர் மாரெக் ஹ்வாஸ்கோவும் இருக்கிறார். 1950களின் நடுவில் ஒஷெட்ஸ்காவின் காதலர். 1958இல் நாட்டைவிட்டுப் போனவர் திரும்பவே முடியவில்லை. 1969 ஜூனில் ஜெர்மனியில் இறந்தார், 1975இல் அஸ்தி இங்கே வந்தது. அதே 1969 ஏப்ரலில் கொமேடா. ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலஸில் நடிகை ஷாரன் டேட் வீட்டில் நடந்த கொலைகளில் செத்தவர்களில் ஒருவர் வொய்செக் ஃப்ரிகோவ்ஸ்கி, ஒஷெட்ஸ்காவின் முதல் கணவர். ஒரே ஆண்டில் மூன்று பேர். அடுத்த வருடம் ஒபோலேயில் அவருடைய வரிகளில் கேட்டது "எனக்குள் பச்சையாக இருக்கிறது" என்ற, இளவெயில் மாதிரியான ஒரு ஜாஸ் பாட்டு. யான் ப்டாஷின் வுருப்லெவ்ஸ்கியின் இசை. இந்த மனுஷியின் பாட்டுகளை வாழ்க்கையோடு ஒட்டவைத்துப் பார்ப்பவர்களுக்கு நல்ல பாடம் அது.

1997 ஜூனில், அவர் மறைந்த மூன்று மாதத்தில், பாடகி மக்தா உமெர் ஒபோலேயில் நடத்திய நினைவு நிகழ்ச்சிக்கும் அந்தப் பாட்டின் தலைப்பையே வைத்தார்.

மே 15, வியாழன் – ஏரிகளை நோக்கி

புனித சோஃபியாவின் நாள். பெயருக்கேற்பக் குளிர். வார்சாவிலிருந்து வடகிழக்கே மசூரியா ஏரிப் பகுதிக்குப் பஸ். ஏறும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு வணக்கம் சொல்கிறார்கள், இறங்கும்போது நன்றியும். பக்கத்து இருக்கைப் பெண்மணி நான்கு மணி நேரத்தில் என்னிடம் பேசியது இரண்டே முறை: உட்காரும்போது வணக்கம், பாதி வழியில் ஒரு வேகவைத்த முட்டை வேண்டுமா என்று. உப்பையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

ருச்சியானே-நிடா என்ற சிற்றூரில் தங்கல். வீட்டுக்காரர் அறைக்குள் விறகடுப்பு மூட்டியிருந்தார். வந்த நாளிலிருந்து இன்றுதான் பாதம் சூடானது. இரவு, ஏரியில் பிடிக்கும் சியெலாவா என்ற சின்ன மீனை மாவில் புரட்டிப் பொரித்துத் தந்தார். முள்ளோடு மெல்லலாம். நெத்திலி தின்றவர்களுக்குச் சிரமம் இல்லை. 38 ஸ்வோட்டி, உருளைக்கிழங்கும் ஊறிய முட்டைக்கோசும் சேர்த்து.

மே 16, வெள்ளி – நீட்ஸ்கியே ஏரி

வீட்டுக்காரர் காரில் க்ஷிஷே கிராமத்தில் இறக்கிவிட்டார். பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன், கோபித்துக்கொண்டார். மாலை வந்து அழைத்துப்போவேன் என்று மட்டும் சொன்னார்.

எஸ்.டி.எஸ். கூட்டத்தில் பலர் கோடைகளைக் கழித்த கிராமம் இது. ஒஷெட்ஸ்காவும் வந்தார். பீஸ்கா காட்டுக்குள் நீண்டு வளைந்து கிடக்கும் நீட்ஸ்கியே ஏரியில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. பாய்மரமும் துடுப்பும் மட்டும். பைன் மரங்கள் தண்ணீர்வரை இறங்கி வந்திருக்கின்றன. நாணல் ஓரத்தில் ஒரு மரப்பாலம். நல்ல நீச்சல்காரியான அவர் இந்தத் தண்ணீரில் எவ்வளவு தூரம் போயிருப்பாரோ. நான் விரலை மட்டும் நனைத்தேன், அதுவே போதுமானதாக இருந்தது. ஏரியெல்லாம் நீயே இருக்கிறாய் என்று ஒரு காதல் பாட்டு எழுதியிருக்கிறார், ஆடம் ஸ்வாவின்ஸ்கி இசையில். வார்சாவில் அதைக் கேட்டபோது மிகை என்று நினைத்தேன். இங்கே ஒரு மணி நேரம் நின்றால், எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். வேறு என்னதான் எழுதுவது?

இதே ஏரிக்கரையில் பிரானியே என்ற இடத்தில் வனக்காவலர் வீடு ஒன்று. கவிஞர் கவ்ச்சின்ஸ்கி தன் கடைசி ஆண்டுகளில் வந்து தங்கி எழுதிய வீடு. 1980 முதல் அருங்காட்சியகம். அங்கே டிக்கெட் கொடுத்த அம்மையாரிடம் ஒஷெட்ஸ்கா பற்றிக் கேட்டேன். "இங்கே நாங்கள் கவ்ச்சின்ஸ்கியின் ஆட்கள்" என்றார், கண்டிப்போடு. அப்புறம் தேநீர் கொடுத்தார்.

ஒஷெட்ஸ்காவைப் பேசினால் டானியல் பாசென்ட்டைச் சொல்ல வேண்டும். பத்திரிகையாளர். 1973இல் அவருக்கும் ஒஷெட்ஸ்காவுக்கும் அகாதா என்ற மகள் பிறந்தாள். பாசென்ட்டுக்கு முன், 1960களின் நடுவில் யெரெமி ப்ஷிபோராவோடு காதல். ப்ஷிபோராவும் பெரிய பாடலாசிரியர், ஏற்கெனவே மணமானவர். இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை 2010இல் மக்தா உமெர் தொகுத்துப் புத்தகமாக்கினார். என் தோழி சில பக்கங்களை வாசித்துக் காட்டியிருக்கிறாள். வார்த்தைகளை வைத்து விளையாடும் இருவர் காதலித்தால் எவ்வளவு அழகாக எழுதுவார்கள், எவ்வளவு தந்திரமாக விலகுவார்கள் என்று தெரியும். பாசென்ட்டையும் விட்டுப் பிரிந்தார் ஒஷெட்ஸ்கா. சிறுமியாக இருந்த மகள் தந்தையோடு வளர்ந்தாள். பின்னாளில் குடியும் ஒஷெட்ஸ்காவைப் பிடித்தது. மகள் இதையெல்லாம் பொதுவில் மறைக்காமல் பேசியிருக்கிறார், தாயின் எழுத்துகளைப் பதிப்பித்துக்கொண்டும் இருக்கிறார். சிலை வைப்பதைவிட இது கடினமான மரியாதை.

இரவில், தங்கியிருந்த வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நெருப்பு மூட்டினார்கள். பள்ளித் தோழர்கள் கூடுகை ஒன்று, ஐம்பதைத் தாண்டியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், சிலர் வளர்ந்த பிள்ளைகளோடு. வாருங்கள் என்று ஒரு நாற்காலியைக் காலி செய்தார்கள். குச்சியில் குத்திய கியெவ்பாசா தொத்திறைச்சியை நெருப்பில் வாட்டிக் கடுகுச் சாந்தோடு தின்பது. முகம் வேகிறது, முதுகு உறைகிறது. ஒருவர் கிதார் எடுத்தார். அகுஜாவா என்ற ரஷ்யக் கவிஞரின் பாட்டுகள், ரஷ்யக் கப்பல் பாட்டுகள், அப்புறம் நான் அறிந்த மெட்டு ஒன்று: செவெரின் கிராயெவ்ஸ்கி ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக இசையமைத்துப் பாடிய "ஓடிவிடு என் நெஞ்சே". அடுத்தடுத்து மவ்கோஷ்கா. எல்லாரும் முழுப் பாட்டையும் பாடினார்கள், ஒரு சரணம்கூட விடாமல். இருபது வயதுப் பையன்களும்.

யார் எழுதியது என்று கேட்டேன். "ரொடோவிச்!" என்றான் ஒருவன். "கிராயெவ்ஸ்கி" என்றாள் இன்னொருத்தி, முந்தைய பாட்டைச் சொல்கிறேன் என்று நினைத்து. கிதார்க்காரர் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திட்டினார். என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: "வாயில் போட்டு மெல்வது யாருடைய ரொட்டி என்றாவது கேளுங்களடா." பிறகு அவரே, ஒஷெட்ஸ்கா எழுதிய பாட்டுகள் எவை எவை என்று எண்ண ஆரம்பித்தார். நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக, "அதுவுமா? அதுவுமா?" என்றார்கள். "வாழ்க இந்த நடனம்" என்பதுவுமா? ஆம். வாழ்க்கை என்ற நடன விருந்துக்கு இரண்டாம் தடவை அழைப்பு வராது என்று சொல்லும் அந்தப் பாட்டைச் சவ அடக்கத்திலும் பிறந்தநாளிலும் பாடுகிறோம் என்றார் ஒருவர். கிதார்க்காரர் பாடிய அந்த அகுஜாவா, போலந்துக்கு விடைசொல்லி ஒரு பாட்டு எழுதி அதை ஒஷெட்ஸ்காவுக்கே காணிக்கையாக்கினார் என்பதை நான் சொன்னபோது, கிதார்க்காரருக்கே அது தெரிந்திருக்கவில்லை. எனக்கு இன்னொரு தொத்திறைச்சி கிடைத்தது.

மே 17, சனி – வராத பஸ்

ஓல்ஷ்டின் போகும் காலை பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து. காய்கறிப் பையோடு வந்த பாட்டி அதைத் தட்டிக் காட்டினார்: பள்ளி நாட்களில் மட்டும் ஓடும். இன்று சனி. அடுத்தது எப்போது? உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அவருடைய மைத்துனரின் காரில் ஊர் மாறி, வேறு பஸ் பிடித்து, ரயிலைத் தவறவிட்டு, அடுத்த ரயிலுக்காக நடைமேடையில் இரண்டு மணி நேரம். இந்த முறை மைத்துனர் 80 ஸ்வோட்டி வாங்கிக்கொண்டார், எந்தக் கூச்சமும் இல்லாமல். குடும்பத்தில் ஒருவராவது கணக்கு அறிந்தவராக இருக்க வேண்டாமா.

பால்டிக் கடலோர ஊரான சோபோட் சேரும்போது இருட்டிவிட்டது. நேற்று நள்ளிரவிலிருந்து தேர்தல் மௌனம். வேட்பாளர்கள் யாரும் பிரசாரம் செய்யக்கூடாது. சுவரொட்டிகள் மட்டும் பழையபடி முறைத்துக்கொண்டிருந்தன.

மே 18, ஞாயிறு – சோபோட்

காலையில் தங்கியிருந்த வீட்டம்மா நல்ல உடை உடுத்தி, உதட்டுச்சாயம் பூசி, வாக்களிக்கப் புறப்பட்டார். யாருக்கு என்று கேட்டதற்கு, இரவு 9 மணிக்கு முன் அதைப் பேசினால் அபராதம் என்று விரலை ஆட்டினார். வேடிக்கைக்காகச் சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை.

கடலுக்குள் நீளும் சோபோட்டின் மரப் பாலம் மொத்தம் 511 மீட்டர். பருவகாலம் என்று நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். பருவம் எங்கே என்று கேட்க வாய் துறுதுறுத்தது. பாதியில் காற்று என் குடையைப் பின்புறமாக மடக்கியது. எதிரில் வந்த தம்பதியில் கணவர் அதை வாங்கி, மூன்று கம்பிகளை நிமிர்த்தி, நான்காவதை உடைத்துவிட்டார். மிகவும் வருந்தினார். தன் குடையைத் தர முற்பட்டார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடற்கரையோரமாக நடந்தால் அட்டெலியெர் நாடகக் கொட்டகை. அவர் மறைந்தபின் அதற்கு ஒஷெட்ஸ்காவின் பெயரை வைத்தார்கள். ஆந்த்ரே ஹியூப்னர்-ஓக்கோட்லோ நடத்திய இந்தச் சிறு மேடைக்காகத்தான் தன் கடைசி ஆண்டுகளில் எழுதினார். தலைநகரும் தொலைக்காட்சியும் பெரிய விழாக்களும் அறிந்த ஒருவர் மணலை ஒட்டிய சின்னக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது சரிவு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாணவர் நாடகத்தில் தொடங்கியவர் மறுபடியும் சின்ன மேடையைத் தேடிக்கொண்டார், அவ்வளவுதான். 1997 மார்ச் 7இல் புற்றுநோயில் இறந்தபோது வயது அறுபது. கதவு பூட்டியிருந்தது. உள்ளே யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டிப் பார்த்தேன், அடிப்பது நின்றது, பதில் வரவில்லை, மறுபடி அடித்தார்கள்.

மதியச் சாப்பாட்டில்தான் பெரிய அடி. பலகையில் காட் மீன் 17 ஸ்வோட்டி என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் 100 கிராமுக்கு. வந்த மீன் ஏறத்தாழ அறுநூறு கிராம். பில் 104 ஸ்வோட்டி, எலுமிச்சைத் துண்டுக்குத் தனியாக 3. காசாளரிடம் எடையைக் காட்டச் சொன்னேன், சீட்டில் இருக்கிறதே என்றார். பின்னால் நின்ற இளைஞன், இப்படிப்பட்ட ரசீதுகளை எங்கள் பத்திரிகைகள் ஒவ்வொரு கோடையும் படம் பிடித்துப் போடுகின்றன, உங்களுடையது இந்த ஆண்டின் முதலாவதாக இருக்கலாம் என்று சமாதானம் சொன்னான். மீன் நன்றாகத்தான் இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இரவு 9 மணிக்கு வீட்டம்மா தொலைக்காட்சியைப் போட்டார். பதின்மூன்று வேட்பாளர்கள், யாருக்கும் பாதி இல்லை, ஜூன் 1ஆம் தேதி இரண்டாம் சுற்று. அவர் மனம் சோர்ந்து, அணைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பழைய இசைத்தட்டை எடுத்தார். நான் தேடிவந்தவரைப் பற்றிக் காலையிலேயே சொல்லியிருந்தேன். "ரொடோவிச்சின் குரல் எனக்கு ஆகாது. கத்துகிறாள். ஒஷெட்ஸ்காவின் வரிகளைக் கத்தக்கூடாது" என்றார். மவ்கோஷ்காவைக் கத்தாமல் எப்படிப் பாடுவது என்று நான் வாதாடினேன். பதினொரு மணிவரை இந்தச் சண்டை நடந்தது, அவர் கைபேசியில் போலிஷில் பேச, அது ஆங்கிலத்தில் எனக்குச் சொல்ல. முடிவு எதுவும் வரவில்லை. நாளை காலை வார்சா ரயில் 7 மணிக்கு. இரண்டு சாண்ட்விச் கட்டித் தருகிறேன், வெங்காயம் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.